வழிகாட்டியோடு பேச வாட்ஸ்அப்பா, வீடியோ காலா?

ஆன்லைனில் ஒரு சீனியர் வழிகாட்டியாகக் கிடைத்துவிட்டார், சரி, எதில் பேசுவது? வாட்ஸ்அப்பில் நினைத்த நேரத்தில் கேட்கலாம், அவரும் ஓய்வாக இருக்கும்போது வாய்ஸ் நோட் போடுவார். ஆனால் ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், கேள்வியை முழுசாக எழுதுங்கள்.

வீடியோ காலுக்கு நேரம் குறிக்க வேண்டும், டேட்டாவும் தின்னும். ஜூமின் இலவசக் கணக்கில் இருவர் மட்டும் பேசினாலும் 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் இருவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இருந்தாலும் மாதிரி நேர்காணல், மேற்படிப்பா வேலையா என்ற குழப்பம், அரியர் பயம் இதெல்லாம் முகம் பார்த்துப் பேசினால்தான் வெளியே வரும், டைப் செய்யும்போது பாதியை நாமே அழித்துவிடுவோம்.

என் ஓட்டு மாதம் ஒரு வீடியோ காலுக்கு. நடுவில் வரும் சின்னச் சந்தேகங்களுக்கு வாட்ஸ்அப் போதும், அதுவும் ராத்திரி 11 மணிக்கு வேண்டாம்.