கடவுச்சொல்லுக்குக் கெடுவா, கணக்குக்கே கெடுவா?

லினக்ஸ் சர்வரில் ஒப்பந்தப் பணியாளருக்குக் கணக்கு திறக்கும்போது அவர் கடவுச்சொல்லுக்குக் கெடு வைக்கலாம். கணக்குக்கே கெடு வைக்கலாம். இரண்டுமே சேஜ் (chage) கட்டளையின் வேலைதான்: முன்னதற்குப் பெரிய எம் (-M), பின்னதற்குப் பெரிய ஈ (-E). எங்கள் சர்வர்களுக்கு நான் தேர்ந்தெடுத்தது பின்னது.

90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால், ஆட்கள் கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போவார்கள். கட்டாய மாற்றம் வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. தணிக்கையாளர் கேட்டால் வைத்துத் தொலைக்க வேண்டியதுதான்.

ஆள் விலகிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். பலரும் கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பூட்டினால், கடவுச்சொல் விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பில், ஹேஷுக்கு (கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்த வடிவத்துக்கு) முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வந்து உட்காரும், அவ்வளவுதான். எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் மின்சாவி) வைத்திருப்பவர், பாம் (PAM, உள்நுழைவைச் சரிபார்க்கும் அடுக்கு) இயங்கும் வழக்கமான அமைப்பில், அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வருவார். கடவுச்சொல் கெடு தாண்டியிருந்தாலும் கதவு அடைபடுவதில்லை. பழையதைக் கொடுத்துப் புதியதை வைத்துக்கொள் என்று சர்வரே கேட்கும்; விலகியவருக்கே இன்னொரு தவணை! அதே கெடு, சாவியால் ஓடும் இரவு நேர பேக்கப் கணக்குக்கு வந்தால், மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் வேலை நின்றுபோகும்.

கணக்கின் கெடு ஷேடோ கோப்பின் எட்டாவது புலத்தில் இருக்கிறது. அது தாண்டினால் சாவியும் செல்லாது, கடவுச்சொல்லும் செல்லாது. கணக்கு திறக்கும் அன்றே ஒப்பந்தம் முடிவதற்கு மறுநாளைத் தேதியாகப் போட்டுவிடுகிறேன். நீட்டித்தால் தேதியை மாற்றுவது ஒரு வரி வேலை. உடனே மூட வேண்டுமென்றால் 1 என்று கொடுங்கள்; நாட்கள் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணப்படுவதால் அது 1970 ஜனவரி 2. பூஜ்யம் வேண்டாம், கெடுவே இல்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளப்படலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. திரும்பத் திறக்க, கழித்தல் 1.

இதிலும் ஓட்டை உண்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை இது வெளியேற்றாது. அவருடைய புராசஸ்களை நாம்தான் நிறுத்த வேண்டும். அவர் பெயரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளும் நின்றுவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

நான் சொல்வதெல்லாம் சர்வரிலேயே இருக்கும் கணக்குகளுக்கு. எல்டாப் (LDAP, பல சர்வர்களுக்கும் பொதுவான பயனர் பட்டியல்) வழியாக வருபவர்களுக்குக் கெடுவை அங்கேயே வைக்க வேண்டும். அதில் என் அனுபவம் குறைவு.