மே ஹாங் சோன் ராத்திரி சந்தை: கடலைமாவு டோஃபுக்காகவே போகலாம்

பர்மால இருக்க ஷான்னு ஒரு இனத்துக்காரங்களோட சாப்பாடு சாப்பிட பர்மாவுக்குத்தான் போகணும்னு இல்லங்க. தாய்லாந்தோட வடமேற்கு மூலைல இருக்க மே ஹாங் சோன் டவுன்லயே ஷான்காரங்க நிறைய, அங்க அவங்கள தாய் யாய்னு சொல்வாங்க. சியாங் மாய்லேர்ந்து வர்ற ரோட்ல 1864 வளைவுன்னு கணக்கு சொல்லி அதையே டி-ஷர்ட்ல போட்டு வேற விக்கிறாங்க, வாந்தி மாத்திரை போட்டுட்டு ஏறுங்க.

சந்தை ஜோங் கம் ஏரிக்கரைல. பாதி கடை துணி, பை, காந்தம்னு டூரிஸ்ட்டுக்கானது, அத தாண்டி நடங்க. அண்டால மஞ்சளா ஏதோ கொதிச்சிட்டு இருந்தா அதான் டோஃபு, நின்னுடுங்க. வழக்கமான டோஃபு மாதிரி சோயா கிடையாது, கடலைமாவு! மஞ்சத்தூள் போட்டு களி மாதிரி கிண்டி, ஆறுறதுக்கு முன்னாடியே சூடா அரிசி நூடுல்ஸ் மேல ஊத்தி, பூண்டு எண்ணெய், பொடிச்ச வேர்க்கடலை, கொத்தமல்லி, மிளகாய் எண்ணெய்னு தூவி குடுக்கறாங்க. முதல் வாய் சப்புனு இருக்கும், கலக்கி விட்டு சாப்பிட்டாதான் பூண்டும் வேர்க்கடலையும் தெரியும், அப்புறம் நிறுத்த முடியல. ஆற வச்சா அதே மாவு கெட்டியாயிடும், அத வெட்டி பொரிச்சும் விக்கிறாங்க, ஆனா நான் வாங்கின கடைல முன்னாடியே பொரிச்சு வச்சிருந்தாங்க, ரப்பர். கண்ணு முன்னாடி எண்ணெய்ல போட்டா மட்டும் வாங்குங்க.

காங் பாங்னு ஒன்னு, பப்பாளிக்காயத் துருவி மசாலா மாவுல பொரட்டி பொரிச்சது, மொறுமொறுன்னு செம. நாம் ஙியாவ் நூடுல்ஸ் தக்காளி புளிப்போட நல்லாதான் இருக்கு, ஆனா அதுல பன்னி இறைச்சி இருக்கும், சில இடத்துல ரத்தக் கட்டியும். வாசம் கொஞ்சம் தூக்கலா வந்தா பயப்படாதீங்க, அது துவா நாவ், சோயாவ புளிக்க வச்சு அரைச்சு வட்டமா தட்டி காயப்போட்டது, இவங்க சமையல்ல முக்காவாசி ருசி அதுலேர்ந்துதான் வருது. சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டவங்க அதே ருசிய எதிர்பாத்துப் போகாதீங்க, காரம் கம்மி, இது வேற ரூட்டு.

சைவக்காரங்க "ஜே"ன்னு (தாய் மொழில சுத்த சைவம்னு அர்த்தம்) கேட்டு வாங்குங்க, டோஃபு பாக்க சைவமா இருந்தாலும் மேல ஊத்தற குழம்புல கறி இருக்கலாம்.

இனிப்புல அலவா, தேங்காப்பால் ஊத்தி மேல்பக்கம் கருக விட்டது. எனக்கு ரெண்டு துண்டுக்கு மேல திகட்டிடுச்சு, கூட வந்தவர் ஒரு பொட்டலத்தயே காலி பண்ணிட்டார். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் குளிர் சீசன்ல போங்க, கடைகள் நிறைய இருக்கும், மழைல பாதி கூட இருக்காது. சில்லற பாத் (தாய்லாந்து காசு) கைல வச்சுக்கங்க.