பிரசவத்துக்குப் பிறகு பிபி பார்க்க: மைக்ரோலைஃப் வாட்ச்பிபி ஹோம்

குழந்தை பிறந்ததும் பிபி இறங்கிவிடும் என்று மெஷினை ஓரங்கட்டிவிடுகிறார்கள். ஆனால் பிரசவமான 3-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாளுக்குள்தான் பிபி உச்சத்துக்குப் போகும். உடம்பில் தேங்கிய நீர் ரத்தக் குழாய்களுக்குத் திரும்பும் நேரம் அது. பெரும்பாலோர் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிபி ஏறி, உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் கோளாறு) இருந்தவர்களுக்குத் தானியங்கி மெஷின்கள் பல, உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். இந்த மெஷின் கர்ப்பிணிகளிடம் சோதித்துத் தேறியது. இதைப் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான். மணிக்கட்டில் கட்டும் வகை இதற்கு உதவாது.

பெட்டியில் வரும் கஃப் (கையில் சுற்றும் பட்டை) எல்லோருக்கும் பொருந்தாது. மேற்கையின் நடுவில் டேப் வைத்து அளந்து பாருங்கள்: 22–32 செ.மீ. என்றால் நடுத்தரம், 32–42 என்றால் பெரியது. சின்ன கஃப் பிபியை ஏற்றிக் காட்டும். வீக்கம் வற்றியதும் கைச்சுற்று குறையும், மறுபடி அளக்க வேண்டும்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. 'டயக்' முறை 7 நாள் காலை, மாலை இரண்டிரண்டு தடவை எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி போடும். மற்ற பிபிக்காரர்களுக்கு அருமையான ஏற்பாடு. பிரசவித்தவருக்கு முதல் வாரத்தில் இது சரிவராது; நமக்கு வேண்டிய உச்சத்தையே சராசரி மறைத்துவிடும். 'யூஷுவல்' முறையில் வைத்து, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுத்தால் கணக்கில் சேராது. பேச்சும் கூடாது.

மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110 தொட்டால் 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்; அப்படியே நின்றால் உடனே மருத்துவமனை. விடாத தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி, படுத்தால் மூச்சு முட்டல் இருந்தால் எண் என்னவானாலும் காத்திருக்கக் கூடாது.

சில வாரம் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறு. பிரசவத்துக்குப் பிந்தைய பிபி பற்றி 2023-இல் வெளியான பாப்-ஹெச்டி (POP-HT) ஆய்வில், வீட்டு அளவுகளைப் பார்த்து மருத்துவர்கள் மாத்திரையைக் கூட்டிக் குறைத்த பெண்களுக்கு, பல மாதம் கழித்தும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கீழ் அளவு சராசரியாக 5.8 குறைந்திருந்தது, இதயத்தின் அமைப்பும் தேறியிருந்தது. மெஷின் மட்டும் செய்த வேலையல்ல அது. இதன் நினைவகத்தில் எண்கள் தங்கும், மாத்திரையும் வேளையும் தங்காது. அதற்கு ஒரு நோட்டு தேவை.