மிஸ்ஸிங்னு (இன்ஜின் விட்டு விட்டு ஓடுறது) வண்டிய விட்டா இசிஎம் (இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) வரைக்கும் மாத்தச் சொல்றாங்க, உஷார்

கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். பேர் போடல, ஆனா இதே வேலைய எல்லா ஊர்லயும் பண்றாங்க.

என்னோடது 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டி. வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்ததுல இருந்து சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் வரைக்கும் உதறுது, ஆர்பிஎம் முள்ளு ஏறி எறங்குது, ஏசி போட்டா ஆஃப் ஆகப் போற மாதிரி திணறுது, மேடு ஏறுறப்ப செக் இன்ஜின் லைட்டு மினுக்க ஆரம்பிச்சிருச்சு. (லைட்டு மினுக்குனா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் போய், புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர காலி பண்ணிரும், அது விலைய கேட்டா மயக்கமே வரும்.)

ஸ்கேனர் போட்டாங்க, பி0302ன்னு எர்ரர் கோடு வந்துச்சு. அதுக்கு அர்த்தம் ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியா எரியல, அவ்ளோதான். தீப்பொறி விடுற ப்ளக்கா, அதுக்கு கரண்ட்டு குடுக்குற காயிலா, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரா, சிலிண்டர் உள்ள அழுத்தமா (கம்ப்ரஷன்)ன்னெல்லாம் அது சொல்லாது. ஆனா சூப்பர்வைசர் ஸ்கிரீன காட்டி "கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க சார்"னு இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், புது ப்ளக்கு நாலுன்னு 9,400 ரூவா தீட்டிட்டாரு. வீடு வந்து சேர்றதுக்குள்ள திரும்ப உதறல். போய் கேட்டா "அப்ப இசிஎம் போயிருக்கும் சார், 38,000 ஆகும்"ங்கறாரு, கூசாம.

வண்டிய எடுத்துட்டு தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட போயிட்டேன். அவரு ரெண்டாவது காயில கழட்டி மூணாவதுல மாட்டி, மூணாவத இங்க மாட்டி, எர்ரர் கோட அழிச்சிட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டாரு. இப்ப பி0303, அதாவது மூணாவது சிலிண்டர். "காயிலு போன எடத்துக்கு மிஸ்ஸிங்கும் கூடவே போயிருச்சு பாத்தீங்களா தம்பி." பத்து நிமிஷ வேல, செலவே இல்ல. கழட்டி பாத்தா காயில் பூட்டுக்குள்ள (ப்ளக் மேல மாட்டுற ரப்பர் உறை) ஈரம், ப்ளக் பீங்கான் மேல பென்சில் கோடு இழுத்த மாதிரி கருப்பா தடம். பிரஷர் தண்ணி ப்ளக் குழிக்குள்ள எறங்கி, கரண்ட்டு முனைக்கு போகாம அந்த தடம் வழியா இன்ஜின் ஹெட்டுக்கு லீக் ஆகியிருக்கு.

வயித்தெரிச்சல் இதுக்கு மேலதான் இருக்கு. நாலு ப்ளக்கும் பழசு! முனையெல்லாம் தேஞ்சு கேப் விரிஞ்சு கெடக்கு, பில்லுல மட்டும் புதுசு. அண்ணன் ஒரு காயில், நாலு ப்ளக்கு, கூலி எல்லாம் சேர்த்து 3,600 வாங்கினாரு, ஐடிலிங் இப்ப சத்தமே இல்ல.

அதனால ஒரு சிலிண்டருக்கு மட்டும் எர்ரர் கோடு வந்தா மொதல்ல காயில மாத்தி மாட்டி காட்டச் சொல்லுங்க. கோடு நகரலன்னா ப்ளக்க மாத்தி பாக்கணும், அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். பி0300 (பல சிலிண்டர்ல மிஸ்ஃபயர்) கூடவே பி0171 (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) வந்தா வேக்குவம் ஹோஸ் லீக்கா பாக்கச் சொல்லுங்க. இசிஎம்லாம் கடைசி. கழட்டின பழைய பார்ட்ஸ கையோட கேட்டு வாங்கிருங்க.

காச திருப்பி கேட்டதுக்கு "ப்ளக்கு மாத்தின பையன் லீவு"ங்கறாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல பில்லு, ப்ளக் ஃபோட்டோவோட கம்ப்ளைண்ட் போட்டாச்சு, அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கிடையாது.