ரொட்டர்டாமா க்ரோனிங்கனா? அக்கா பொண்ணுக்காக அலசினது

அக்கா பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா, இன்டர்நேஷனல் பிசினஸ்தான் படிப்பேன்னு ஒரே பிடிவாதம். நான் ஐந்தோவன்ல வேலையில இருக்கறதால "மாமா, நெதர்லாந்துல எது நல்ல காலேஜ்"ங்கற கேள்வி என் தலையில வந்து விழுந்துச்சு. மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கார், அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: ரேங்க் என்ன? வடிகட்டி வடிகட்டி கடைசில நின்னது ரெண்டு. ரொட்டர்டாம் எராஸ்மஸ் யுனிவர்சிட்டியோட ஐபிஏ (இன்டர்நேஷனல் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்), அப்புறம் க்ரோனிங்கன் யுனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் பிசினஸ். (டச்சுக்காரங்க அந்த ஊர்ப் பேரை தொண்டையைச் செருமிக்கிட்டேதான் சொல்லுவாங்க.) ரெண்டும் மூணு வருஷ பிஎஸ்சி, 180 கிரெடிட் (பேப்பர் பாஸ் பண்ணப் பண்ணச் சேர்ற புள்ளி), முழுக்க இங்கிலீஷ்.

பேருன்னு பார்த்தா ரொட்டர்டாம் ஒரு படி மேலதாங்க. 1913ல அந்த ஊர் வியாபாரிங்க சேர்ந்து ஆரம்பிச்ச வணிகப் பள்ளிக்கூடத்துல இருந்து வளர்ந்தது அது. க்ரோனிங்கன் 1614லயே வந்துடுச்சு, 2016ல கெமிஸ்ட்ரிக்கு நோபல் வாங்கின பென் ஃபெரிங்கா அங்க ப்ரொஃபஸர், சரி அதனால பிசினஸ் படிக்கறவளுக்கு என்னன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

என்னைக் கேட்டா ரேங்கைவிட முக்கியம் முதல் வருஷ கிரெடிட் கணக்கு, நம்ம ஊர்ல யாருமே இதைப் பேசறதில்ல. வருஷத்துக்கு 60 கிரெடிட். நம்மள மாதிரி வெளியாளுங்களுக்கு விசா நீடிக்கணும்னா பாதியாவது, அதாவது 30 எடுக்கணும். கோர்ஸ்ல தொடரணும்னா அது வேற கணக்கு: க்ரோனிங்கன்ல முதல் வருஷம் 45 எடுத்தா போதும். எராஸ்மஸ்ல 'நாமினல் இஸ் நார்மல்'னு ஒரு கொள்கை, முதல் வருஷத்துலயே 60ம் முடிக்கணும், ஒரு பேப்பர்ல கொஞ்சம் குறைஞ்சா இன்னொண்ணுல எடுத்த மார்க் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். முடியலைன்னா அந்தக் கோர்ஸை விட்டே வெளிய அனுப்பிடுவாங்க, அரியர் வச்சு கடைசி செமஸ்டர்ல கிளியர் பண்ற நம்ம ஊர் கதையெல்லாம் நடக்காது. மார்க்கும் பத்துக்குத்தான், 5.5 வந்தா பாஸ், 8 வாங்கினா பார்ட்டி வைக்கலாம், 10 எல்லாம் அதிசயம். 95 பர்சன்ட் பழகின பிள்ளை முதல் ரிசல்ட்ல 6 பார்த்துட்டு அழாம இருந்தா சரி.

ஊர் வேற வேற உலகம். ரொட்டர்டாம் 1940ல குண்டு போட்டு தரைமட்டமான ஊரு, அதான் அம்ஸ்டர்டாம் மாதிரி பழைய அழகு எதிர்பார்க்க முடியாது, கண்ணாடிக் கட்டடம், பெரிய பாலம், ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகம். சரக்குக் கப்பல், ஃப்ரைட், கஸ்டம்ஸ்னு இவ படிக்கப் போற பாடம் பூரா அங்க கண் முன்னாடி நடக்குது. க்ரோனிங்கன் வடக்கு மூலைல இருக்கு, எங்க வீட்டுல இருந்து ட்ரெய்ன்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ஆனா ஊரே ஸ்டூடண்ட்ஸ்தான், எங்க போனாலும் சைக்கிள். பிசினஸ் டிபார்ட்மென்ட் ஊருக்கு வெளிய ஸெர்னிக்க கேம்பஸ்ல, ஜனவரி எதிர்க்காத்துல மிதிச்சுப் போனா புரியும்.

ரூம் கிடைக்கறது ரெண்டு ஊர்லயும் கஷ்டம், க்ரோனிங்கன்ல 2018ல புதுசா வந்த பசங்க டென்ட்ல தூங்கினது நியூஸே ஆச்சு. பார்ட் டைம் வேலையை நம்பி லோன் கணக்கு போடாதீங்க, வாரத்துக்கு 16 மணி நேரம்தான், அதுக்கும் முதலாளி பர்மிட் எடுக்கணும், சின்னக் கடைக்காரன் எவனும் அந்தத் தலைவலியை வாங்கமாட்டான். படிச்சு முடிச்சதும் வேலை தேட ஒரு வருஷம் தர்றாங்க, அது ரெண்டுக்கும் பொது.

இன்னொண்ணு, ரெண்டுக்குமே மேத்ஸ் வேணும். காமர்ஸ்ல மேத்ஸ் இல்லாத குரூப் எடுத்த பிள்ளைங்களுக்கு இங்கயே கதவு மூடிடும், ப்ளஸ் ஒன் சேரும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஐபிஏவுக்கு சீட்டு எண்ணிக்கையும் கட்டுப்பாடு, ஜனவரி 15க்குள்ள அப்ளை பண்ணணும்.

நம்ம பொண்ணு மேத்ஸ்ல கெட்டி, அப்பா கம்பெனி சரக்கு எப்படி கப்பல் ஏறுதுன்னு சின்ன வயசுல இருந்தே நோண்டி நோண்டிக் கேக்கறவ, அதனால அவளுக்கு நான் ரொட்டர்டாம்னு சொன்னேன். அவ தம்பி நாளைக்கு இதே கேள்வியோட வந்தா கண்ணை மூடிட்டு க்ரோனிங்கன்தான், பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி புக்கைத் திறக்கறவனுக்கு அந்த 15 கிரெடிட் இடைவெளி கண்டிப்பா வேணும். மச்சான்கிட்ட அரை மணி நேரம் இத்தனையும் விளக்கிச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி மாப்ள, ரேங்க் என்னன்னு சொல்லவே இல்லையே"ங்கறார்.