ஸ்டார்ட் ஆகாத வண்டியும் ஓபிடி ஸ்கேனரும்

ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி, விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ப்ளூடூத்தில் போனோடு சேரும் சின்ன வகை. அதே வகை ஒன்று சில வருடமாக என் வண்டியிலேயே கிடக்கிறது. எங்கே செருகுவது, எந்த ஆப் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். என் எரிச்சலை மட்டும் சொல்கிறேன்.

செக் இன்ஜின் லைட் எரிந்தால் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) சொல்லும், நன்றாகவே சொல்லும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் நேரத்தில் "கோளாறு எதுவும் இல்லை" என்று காட்டும் பாருங்கள், பிடுங்கி எறியத் தோன்றும். பேட்டரி டெர்மினலில் பூத்த பொடி, செல்ஃப் மோட்டாரின் தேய்ந்த பிரஷ், தளர்ந்த எர்த் ஒயர் எதுவும் அதன் கண்ணில் படாது. வோல்டேஜ் சரிந்துவிட்டாலோ, சம்பந்தமே இல்லாத கோடுகளைக் கொட்டி ஏபிஎஸ் பிரேக்கைக்கூடச் சந்தேகப்பட வைக்கும்.

சமீபத்தில் அப்படித்தான். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி 12.6 வோல்ட், முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போதும் பெரிதாக இறங்கவில்லை. அப்படியென்றால் கரண்டே சரியாகப் போகவில்லை. ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, பக்கத்திலிருந்தவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அங்கே அரை வோல்ட் காட்டினாலே அதிகம். மீட்டர் பல வோல்ட்டுக்கு ஏறியது. பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும் அப்பியிருந்தன. சுரண்டி இறுக்கியதும் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் இந்த ஸ்கேனர் பொடியன் கெட்டிக்காரன். அது உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 200 அக்கம்பக்கம் காட்ட வேண்டும்; 0 என்று நின்றால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகிக்கலாம், அதற்கான பி0335 கோடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் அந்த சென்சாரின் சர்க்யூட் அறுந்திருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து ப்ளூடூத் துண்டிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னுடையது அடிக்கடி துண்டிக்கும்.

வாங்கலாமா? இன்றைய கடுப்பில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஸ்கேனர் வேண்டுமென்றால் என்னுடையதையே தருகிறேன், இரவல்தான். அடுத்த முறை லைட் எரிந்தால் திருப்பிக் கேட்பேன்.