பிரீமியர் பத்மினி காருக்கு எது சரி: ஏசி பம்ப்பா, எலெக்ட்ரிக் பம்ப்பா?

சித்திரை வெயிலில் வண்டி நின்றுபோய், பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஏசி பம்ப் என்றால் ஏர் கண்டிஷனர் சமாசாரம் இல்லை, எஞ்சின் சுழற்சியிலேயே இயங்கும் பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். "எலெக்ட்ரிக் பம்ப் போட்டுடுங்க சார்" என்று மெக்கானிக் சொல்வார். அவசரப்படாதீர்கள்.

முதலில் கோளாறு பம்ப்பில்தானா என்று பாருங்கள். காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஓஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சி அடித்தால் பம்ப் நல்ல பம்ப். சொட்டு சொட்டாக வந்தால், பம்ப்பின் உள்ளே வரும் ஓஸைத் தனி கேனில் போட்டு மறுபடி அடியுங்கள். இப்போது பீய்ச்சினால் பழி பம்ப்பின் மேல் இல்லை. டேங்க் துருவோ ஃபில்டர் அடைப்போதான். என் வண்டிக்கு கார்புரேட்டரையே மாற்றிய பிறகுதான் டேங்க் வலையில் துரு அடைத்திருந்தது தெரிந்தது. அந்தச் செலவு இன்னும் உறுத்துகிறது.

ஏசி பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது, அதனால் சூடேறும். டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டியிருப்பதால், வழியில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் திணறும். எலெக்ட்ரிக் பம்ப்பை டேங்க் பக்கத்தில் பொருத்தினால் அது பெட்ரோலைத் தள்ளும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் சட்டென்று ஆவியாகாது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியும் சாவியைத் திருப்பியதும் தயாராகிவிடும். ஆனால் எஞ்சின் பக்கத்திலேயே மாட்டினால் இந்தப் பலன் பெரும்பாலும் கிடைக்காது.

ஆபத்தும் உண்டு. கார்புரேட்டருக்கு 3, 4 பி.எஸ்.ஐ. போதும். கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்) வண்டியின் பம்ப் 40-ஐத் தொடும். அதை இதில் மாட்டினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு தாங்காமல் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் வழியும். விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றதும் பம்ப்பையும் நிறுத்த, ஆயில் பிரஷர் சுவிட்சோடு ரிலே வைக்காமல் போடவே கூடாது.

அன்றாடம் ஓடும் வண்டி என்றால் என் ஓட்டு ஏசி பம்ப்புக்கே. பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாபிரத்துக்குப் புது கிட் மலிவு, அரை நாள் வேலை. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கோடையில் திரும்பத் திரும்ப நின்றால் மட்டும் எலெக்ட்ரிக்கை யோசிக்கலாம்.

அப்புறம், டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் டயாபிரம் கிழிந்து ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம். கிட் மாற்றும் அன்றே எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.